உப்பின் வெண்மையும் வானின் நீலமும்



படச்சுருள்கள் சிறு அட்டைப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்த காலத்தில், பெட்டியினுள் குறிப்புத் தாள் ஒன்றும் இருக்கும். கடும் வெயிலுக்கு இன்ன அளவு, முகில் மூடிய வேளைக்கு இன்ன அளவு என அது வழிகாட்டும். கோடாக் நிறுவனத்தாரின் தாளில் ஒரு வரி நம் கருத்துக்குரியது. பனிக்கும் வெண்மணலுக்கும் தனித்தனி அளவு கூறாமல், இரண்டையும் ஒரே வரியில் அவர்கள் சேர்த்திருந்தனர். இமயத்தின் பனிச்சரிவில் கமராவுடன் நிற்பவருக்கும், தலைமன்னார்க் கரையில் நிற்பவருக்கும் நேரும் இடர் ஒன்றே என்பதே அதன் பொருள்.

இலங்கையில் பனிமலை இல்லை. ஆயினும் மன்னாரின் வெண்மை பனிக்கு இளைத்ததன்று. வறட்சிக் காலத்தில் உப்பளப் பாத்திகளின் ஓரத்தே வாரிக் குவித்த உப்பு, நண்பகல் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். மேலே முகிலற்ற நீல வானம். இக்காட்சியைப் படமெடுத்துப் பார்த்தால், உப்பு அழுக்கேறிய சாம்பல் நிறமாகவும் வானம் இருண்டும் காணப்படுவதுண்டு. கண்ட காட்சி எங்கே போயிற்று?

கமராவின் ஒளிமானி தன்முன் இருப்பது உப்போ, கருங்கல்லோ என்பதை அறியாது. உலகப் பொருள்கள் சராசரியாகத் தம்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கைத் தெறிக்கச் செய்யும் என்னும் கணக்கில் அது அமைக்கப்பட்டுள்ளது. புதிதாய் விழுந்த பனியோ 80 பங்குக்கு மேல் தெறிக்கச் செய்கிறது. இத்துணை ஒளியைக் கண்ட மானி, 'வெளிச்சம் மிகுந்துவிட்டது' என்றெண்ணி இரண்டு படிகளுக்கு மேல் ஒளியைக் குறைத்துவிடுகிறது. அதனால் வெண்மை சாம்பலாகிறது. வானமும் உடன் இருள்கிறது. கைத்தொலைபேசிக் கமராக்களிலும் இக்குறை முற்றாக நீங்கவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். குறிப்புத் தாள் பனிக்கும் மணலுக்கும் ஒளியைக் குறைக்கவே சொல்கிறது. அனுபவசாலிகளோ கூட்டச் சொல்கிறார்கள். இரண்டும் முரணல்ல. சாதாரண வெயில் அளவிலிருந்து ஒரு படி குறைத்தாற் போதும் என்கிறது தாள். மானியோ தேவைக்கு மேல் குறைத்து விடுகிறது. மிகையாய்க் குறைந்ததைத் திருப்பிக் கொடுப்பதே கூட்டுதல். படம் நிறைய உப்பு இருப்பின் ஒன்றிலிருந்து இரண்டு படி வரை கூட்டலாம். மணல் உப்பைவிட மங்கலாதலால் ஒரு படிக்கு மேற்படல் ஆகாது. அளவு மீறினால் வெண்மையின் நுண்விபரங்கள் அழியும். டிஜிட்டல் படத்தில் அவ்வாறு அழிந்ததை மீட்க வழியில்லை.

இனி வானத்தைப் பார்ப்போம். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கு மேலாகச் சிதறச் செய்கின்றன. இவ்விதியை 1871இல் ராலே பிரபு வகுத்தார். உயர்மலையில் தலைக்கு மேலுள்ள காற்றும் தூசியும் குறைவு. ஆகவே அங்கே வானம் கருநீலம். மன்னாரிலோ நாம் நிற்பது கடல் மட்டத்தில். தொடுவானை நோக்கும்போது, ஈரமும் உப்புத் துகளும் நிறைந்த நெடுந்தொலைக் காற்றினூடாக நோக்குகிறோம். எனவே உச்சியில் நீலமாயிருக்கும் வானம், கடலைத் தொடுமிடத்தில் வெளிறுகிறது. இந்த வெளிறல் பிழையன்று. அதுவே இத்தீவின் வானம்.

முற்காலத்தில் இதைப் பதிவதே அரிதாயிருந்தது. சாமுவேல் போர்ண் என்னும் ஆங்கிலேயர் 1863 முதல் 1866 வரை மூன்று முறை இமயத்துட் சென்று படமெடுத்தார். அக்காலத்து ஈரத் தகடுகளில் நீல ஒளியே பெரிதும் உறைக்கும். ஆதலால் நீல வானும் வெண்பனியும் ஒரே வெள்ளையாய்ப் பதியும் இயல்பின. எல்லா நிறங்களும் உறைக்கும் சுருள்களும் மஞ்சள் வடிகட்டியும் வந்த பின்னரே, கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் எளிதாகத் தன் இடத்தைப் பெற்றது.

வண்ணப் படத்தில் இடர் வேறு. வானும் கடலும் படத்தை நிறைக்கும்போது, கமரா நீலம் மிகுந்ததென எண்ணித் தானாகவே மஞ்சளைக் கூட்டுவதுண்டு. உடனே உப்பு பழுப்பாகும், வானம் சாம்பலாகும். நிறச் சமநிலையைப் 'பகலொளி' என நிறுத்திவைத்தால் இது நேராது. நிழலில் உள்ள உப்பு சற்று நீலமாய்த் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அந்நிழலுக்கு ஒளி தருவது நீல வானமே அன்றோ? வாடைக் காலத்தில் வங்காலைக் கரைக்கு வரும் பூநாரைகளும் நல்ல சோதனையாகும். அவற்றின் இளஞ்சிவப்பு மங்கினால் நிறச் சமநிலை பிழைத்திருக்கக்கூடும்.

வானை ஆழமாக்க முனைவாக்கி வடிகட்டி உதவும். சூரியனிலிருந்து செங்கோணத்தில் உள்ள வானிலேயே அதன் பயன் மிகுதி. காலையிலும் மாலையிலும் வடக்கையோ தெற்கையோ நோக்குக. அகன்ற வில்லையில் வானின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகும். அதைக் கவனிக்க வேண்டும். சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகற் சூரியன் மன்னாரின் உச்சியில் நிற்கும். அப்போது செங்கோணம் தொடுவானம் முழுவதும் அமைவதால் எத்திசையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அங்கே தேங்கும் மங்கல் வடிகட்டியின் பயனைக் குறைக்கும். தெளிந்த நீலம் வேண்டுவோர் மழை விட்ட மறுநாட் காலையைத் தேர்க. சோளகம் புழுதியை எழுப்பும் நாள்களில் வானம் வெளிறியே இருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, வானைப் பின்னர் நீலமாக்கிக் கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். அழகுக்கு அது போதும், சான்றுக்குப் போதாது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பற் சேவை அத்துடன் முடிந்தது. அதற்கு முந்திய கரையை இன்று நமக்குக் காட்டுவன பழைய படங்களே. இப்போது தீவின் தென்கரையில் காற்றாலைகள் எழுந்துள்ளன. காட்சி மாறிக்கொண்டே வருகிறது. போரினால் மன்னாரை விட்டுச் சென்றோரின் பிள்ளைகளிற் பலர் ஊரை முதலிற் காண்பது படத்திலேதான். பனிமலை வானை வெட்டி ஒட்டியதுபோன்ற நீலத்தை அவர்களுக்குக் காட்டுவானேன்? உப்பை உப்பின் வெண்மையில் நிறுத்துங்கள். வெண்மை சரியானால், வானத்தின் நிறத்தைச் சரிபார்க்க அதுவே உரைகல்லாகும்.