வீட்டிலே சர்க்கரை பார்க்கிறவர்களுக்கு



சென்ற தலைமுறையில் சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும் இருந்ததை உங்களில் மூத்தவர்கள் நினைவுகூருவீர்கள். நீல நிறப் பெனடிக்ட் திரவத்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார்கள். அது பச்சையாக, மஞ்சளாக, செங்கல் நிறமாக மாறுவதைக் கொண்டு சர்க்கரை எவ்வளவு என்று ஒரு மதிப்புக்கு வருவார்கள். இன்று உள்ளங்கையில் அடங்கும் குளுக்கோமீட்டர் சில வினாடிகளில் எண்ணையே காட்டிவிடுகிறது. எண்ணாக வருகிறபடியால் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளுகிறோம்.

நான் வைத்தியன் அல்ல. படுக்கையருகே உட்கார்ந்து கேட்கிறவன். தவறான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டு, விடியற்காலம் வியர்த்து மயங்கி வந்து சேர்ந்தவர்களோடு பேசியிருக்கிறேன். அநேகமாகக் கருவி பழுதாக இருப்பதில்லை. கையும், ஸ்ட்ரிப்பும், நேரமும்தான் காரணம்.

முதலில் கை. மாம்பழக் காலத்தில் பழத்தை நறுக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே விரலில் குத்திப் பார்க்கிற தாய்மார் உண்டு. பழத்தை அவர்கள் வாயில் வைத்திருக்கமாட்டார்கள். கருவியோ முந்நூறு காட்டும். விரலில் ஒட்டிய பழச்சாறு அந்தச் சிறு சொட்டோடு கலந்துவிடுகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 2011-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் எண் பொய்யாகவே உயர்ந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவியபின்தான் சரியாயிற்று. ஆகையால் பஞ்சை நம்பவேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தாலும் இரத்தம் நீர்த்து எண் குறையும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் உழைத்து விரல் நுனி காய்த்துப்போன சகோதரர்கள், சொட்டு வரவில்லையென்று விரலைப் பிழிகிறார்கள். அப்படிப் பிழிந்தால் சதையிலுள்ள நீரும் கலந்துவிடும். கையைச் சற்று நேரம் தொங்கவிட்டு, நுனியில் அல்ல, விரலின் பக்கவாட்டில் குத்தினால் போதும்; வலியும் குறைவு. ஒருவர் குத்திய ஊசியை வீட்டில் வேறொருவர் தொடக்கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி அதன் வழியாகப் பரவும்.

அடுத்தது ஸ்ட்ரிப். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் சர்க்கரையோடு வினைபுரியும் நொதி ஒன்று பூசப்பட்டிருக்கிறது. வெப்பமும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்திலோ கத்திரி வெயிலில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரையின்கீழ் வசிப்பவர்கள் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. இதற்குப் பயந்து சிலர் இன்சுலினோடு ஸ்ட்ரிப்பையும் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். அதுவும் கூடாது, வெளியே எடுத்தவுடன் நீர் வியர்த்து உள்ளே இறங்கும். குளிர்பெட்டி இல்லாதவர்கள் இன்சுலினைக் காக்கும் மண்பானையின் ஈரமும் ஆகாது. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டில், அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும். ஒன்றை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடுங்கள். திறந்த தேதியை டப்பாவின்மேல் பேனாவால் எழுதுங்கள். திறந்தபின் இத்தனை மாதம் என்று கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு உண்டு. ஸ்கூட்டர் பெட்டியில் அடைத்துவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது!

ஷிப்டு என்றதும் நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். "வெறும் வயிற்றில்" என்றால் காலை நேரம் என்று அர்த்தமல்ல. எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாதிருக்கவேண்டும். இரவு ஷிப்டில் நான்கு மணிக்குக் கேண்டீன் டீயும் பன்னும் முடித்து, ஏழு மணிக்கு வீட்டில் பார்க்கிற எண் வெறும் வயிற்று எண் ஆகாது. சாப்பாட்டுக்குப்பின் இரண்டு மணி நேரம் என்பதும் முதல் கவளத்திலிருந்து கணக்கு. நோட்டில் எண்ணோடு மணியையும், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டோம் என்பதையும் எழுதினால்தான் வைத்தியருக்குப் பயன்படும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்து சோதிக்கும் தன்னார்வச் சகோதரிகளிடமும் இதைத் தவறாமல் சொல்லுங்கள். அவர்கள் வந்தவுடன் கை கழுவிவிட்டு உட்காருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கருவி ஆய்வுக்கூடம் ஆகிவிடாது. சர்வதேச தர விதிப்படி நூறும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் பதினைந்து சதவீத வித்தியாசம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 200 என்றால் வீட்டில் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். ஒப்பிட விரும்பினால் ஆய்வுக்கூடத்தில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்டபின் ஒப்பிடாதீர்கள், அப்போது விரல் இரத்தத்தில் சர்க்கரை நரம்பு இரத்தத்தைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. இரத்தசோகை உள்ளவர்களுக்குக் கருவி மெய்யான அளவைவிட அதிகமாகக் காட்டக்கூடும். நம் பகுதிப் பெண்களில் சோகை சாதாரணமாகையால், இதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மருந்தைக் கூட்டவே கூடாது.

எதிர்பாராத எண் வந்தால் மறுபடியும் கை கழுவி, புதிய ஸ்ட்ரிப்பில் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிப்பின் விலையைப் பார்த்து இதைத் தவிர்க்கிறார்கள். ஏழைகள் தவிர்ப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் உடல் நடுங்கி வியர்க்கும்போது கருவி 110 என்று சொன்னால் உடலையே நம்புங்கள்: மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். எண் 70-க்குக் கீழே என்றாலும் இதுவே முறை. மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினருக்குக் கருவி அனுப்பும் நண்பர்களுக்கு ஒன்று. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவில் மில்லிமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம். அங்கத்திய கருவி 12 என்று காட்டினால் பதினெட்டால் பெருக்கவேண்டும், அதாவது 216. இது தெரியாத பாட்டி 12-ஐப் பார்த்துப் பதறிச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். மேலும் அந்தக் கருவிக்குரிய ஸ்ட்ரிப் கும்மிடிப்பூண்டி மருந்துக்கடையில் கிடைக்குமா என்று முன்னதாகவே விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.