சேமவச்சு

உப்பு வண்டிக்கும் பழந்தமிழ்ப் புலவர்க்கும் உள்ள உறவு நெடியது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியைப் புகழுமிடத்து, உமணர் தம் வண்டியின் அடிமரத்திற் கட்டிச் செல்லும் சேமவச்சை அவனுக்கு உவமையாக்குகின்றார். எருதுகளோ இளையன, பண்டமோ மிகுதி, வழியோ மேடும் பள்ளமும் உடையது. அச்சு முறியின் யாது செய்வதென்று எண்ணி, வேறோர் அச்சை முன்னரே கட்டிவைப்பர் உமணர். இப்பாட்டை யான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். தொடக்கத்தில் உவமையையும் பொருளையும் பொருத்திக் காட்டியதன்றி, அச்சு முறிதல் இன்னதென அறிந்தேனல்லேன். அதனை எனக்கு அறிவித்தது ஓர் உப்பு லொறி.

1996ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அப்பொழுது யான் இருபத்தாறு வயதினன். புத்தளத்துக்கு அண்மையிலிருந்த ஒரு பாடசாலையில் ஆசிரியன். மறுநாட் காலை கண்டியில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். என் மாணாக்கன் ஒருவனின் தந்தையார் லொறிச் சாரதி. அவர் அன்றிரவு கண்டிக்கு உப்பு ஏற்றிச் செல்கின்றார் என்று கேள்வியுற்று அவரிடம் ஓடினேன்.

"ஏறுங்க மாஸ்டர். சுபஹுக்கு முந்தி கண்டியில இறக்கி விடுறேன்" என்றார். ஊரார் போலவே யானும் அவரை நானா என்றே அழைப்பது வழக்கம்.

ஏறுமுன் லொறியின் பக்கப் பலகை கண்ணிற்பட்டது. ஏற்றத்தக்க பாரம் 5000 கிலோ என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது. மூடைகளை எண்ணிக்கொண்டிருந்த கிளீனர்ப் பையன் 160 என்று எண்ணி முடித்தான். மூடை ஒன்றுக்கு 50 கிலோவாக, மொத்தம் எட்டுத் தொன். கணக்கு எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் கண்டி சேரவேண்டிய அவசரம் என் வாயைக் கட்டிவிட்டது.

வழியில், ஆசிரியர்க்கு இயல்பான குற்றம் ஒன்றைச் செய்தேன். திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், மயிற்பீலியேயாயினும் அளவின்றி ஏற்றின் அச்சு முறியும் என வள்ளுவர் கூறியிருப்பதை நானாவுக்கு விரித்துரைத்தேன். அது பிறிது மொழிதல் என்னும் அணி என்பதையும், எளியர் என எண்ணிப் பலரோடு பகைகொள்ளும் வலியனும் கெடுவான் என்பதே அதன் உட்கோள் என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "அந்த வண்டிக்காரனுக்குக் கூலி மூடைக்கா மாஸ்டர், பயணத்துக்கா?" என்று வினவினார். பரிமேலழகர் உரையில் அதற்கு விடையில்லை.

குருணாகலைக் கடந்தபோது பெருமழை பிடித்தது. வீதியில் வெள்ளம் தேங்கி நின்றது. மாவத்தகமை பின்னிட, கலகெதர ஏற்றம் தொடங்கியது. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம். முதலாவது கியரில் லொறி முனகிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவில், வெடி வெடித்தாற்போன்ற ஓசை கேட்டது. எஞ்சின் முன்னிலும் உரத்து முழங்கியது, லொறி நின்றது, பின்னர் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது.

முறிந்தது பின்சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டு. நானா கைப்பிறேக்கை இழுத்தார், பயனில்லை. அந்த லொறியின் கைப்பிறேக் சக்கரத்தைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னாற் சுழலும் தண்டைப் பிடிப்பது. அதற்கும் சக்கரத்துக்கும் இடையிலேயே முறிவு நேர்ந்தமையால் இரண்டுக்கும் தொடர்பு அற்றுப்போயிற்று. காற்பிறேக்கோ நீரில் நனைந்திருந்தது; எட்டுத் தொன் பாரத்தை அது தாமதப்படுத்தியதேயன்றி நிறுத்தவில்லை.

"தம்பி, கட்டை!" என்று நானா அலறினார்.

அப்பையனுக்குப் பதினேழு வயதிருக்கும். மலைப்பாதையில் அவன் மடியில் எப்பொழுதும் ஒரு மரக்கட்டை இருக்கும். கதவைத் திறந்து மழையிற் குதித்தான். பின்சக்கரத்தின் அடியில் அதனை இட்டான். நனைந்த வீதியிற் சக்கரம் அதனைத் தள்ளிக்கொண்டு சென்றது. அவன் கட்டையைக் காலால் மிதித்து அழுத்தினான். சக்கரம் கட்டையின்மீதும் அவன் காலின்மீதும் ஏறித் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் நானா வளையத்தை ஒடித்து, லொறியின் பின்புறத்தை மலைப்பக்கத்து மண்திட்டில் மோதவிட்டார். லொறி சாய்ந்து நின்றது. மூடைகள் உருண்டு, வெடித்து, உப்பு மழையிற் கரைந்து ஓடிற்று. நானாவின் விலாவெலும்பு முறிந்தது. என் நெற்றியில் ஒரு வெட்டு. அதன் தழும்பு இன்றும் உண்டு. பையன் இரண்டு கால்விரல்களை இழந்தான்.

மறுநாள் வந்த மெக்கானிக் முறிந்த தண்டை உருவியெடுத்து, அதன் முகத்தை எனக்குக் காட்டினார். பாதிக்கு மேல் கறுத்துத் துருவேறியிருந்தது. எஞ்சிய பகுதி மட்டும் புதுவெள்ளி போல் மின்னியது.

"இது நேத்து முறிஞ்சதில்ல மாஸ்டர். கனநாளா முறிஞ்சுகொண்டே இருந்திருக்கு. நேத்து மிச்சந்தான் முறிஞ்சது."

அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு ஏற்றம் ஏறும் ஒவ்வொரு முறையும் தண்டு முறுக்குண்ணுகின்றது. மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றிச் சிறிது சிறிதாக உட்செல்கின்றது. வெளியே ஒன்றுந் தெரிவதில்லை என்று அவர் விளக்கினார். கடைசிப் பீலியே அச்சை முறித்தது என்று அதுவரை பாடஞ் சொல்லி வந்தவன் யான். முறித்தவை முன்னைய பீலிகள் எல்லாம் என்பதை அந்தத் துருவிற் கண்டேன்.

மற்றொன்றும் விளங்கிற்று. உமணர் தம் வண்டியோடு தாமே சென்றனர். முறிந்தால் வழியில் நிற்பவர் தாமே ஆதலின், சேமவச்சைக் கட்டினர். எம் லொறியின் உப்புக்குரியவர் அன்றிரவு தம் வீட்டிலிருந்தார். செய்தி சென்றபோது அவர் முதலிற் கேட்டது கரைந்த மூடைகளின் தொகையை. அதன் விலை நானாவின் கூலியிற் கழிக்கப்பட்டது. அந்த லொறிக்கு வாய்த்த சேமவச்சு ஒரு சிறுவனின் கால்.

அச்சிறுவர் இன்று நடுவயதினர். புத்தளத்தில் சிறு கடையொன்று வைத்திருக்கின்றார். நடையிற் சற்றே சாய்வுண்டு. அவ்வழி செல்லுந்தோறும் அவரைக் கண்டு வருவேன்.

ஆண்டுதோறும் 102ஆம் பாட்டை நடத்துகையில் இக்கதையையும் மாணவர்க்குச் சொல்வதுண்டு. சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பலகையில் எழுதியிருந்ததையும் மூடைக் கணக்கையும் நீங்கள் ஏறுமுன்னரே அறிந்தீர்கள். ஏன் ஒன்றுஞ் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

அவசரம் என்றேன். அது விடையாகாது என்பதை அவள் முகத்திலிருந்து அறிந்து, அவ்வாறே ஒப்புக்கொண்டு, அடுத்த பாட்டுக்குச் சென்றேன்.