வலி இல்லை என்றால் நோயும் இல்லையா?

பிள்ளை தங்கவில்லையே என்று வருந்தும் சகோதரிகளில் சிலருக்கு, தெரியாமலே உடலில் தங்கிவிட்ட தொற்று ஒரு காரணம். கிளமிடியா, கொனோரியா ஆகிய பால்வினைத் தொற்றுகள் பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. கவனிக்காவிட்டால் கருக்குழாய் வரை பரவித் தழும்பை உண்டாக்கும். குழாய் அடைபட்டால் கரு தரிப்பது கடினம். சிலருக்குக் கரு குழாயிலேயே வளர்ந்து தாயின் உயிருக்கு ஆபத்தாகும்.

சிபிலிஸ் தொற்றுள்ள தாய்க்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் குழந்தை இறந்தே பிறக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்தால், பென்சிலின் ஊசி தாயையும் சேயையும் காக்கும்.

தொற்று இருப்பது தெரிந்தால் ஒருவரையொருவர் பழிக்காதீர்கள். அது யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று பரிசோதனை சொல்லாது. கணவன், மனைவி இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் தொற்று மீண்டும் திரும்பிவிடும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையத்தில் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். வெட்கம் நல்ல குணம்தான். சிகிச்சைக்கு அது தடையாக வேண்டாம்.