பொம்மை ரெயிலுக்கு அழுக்குப் பூசுகிறார்கள்!

புத்தம் புதிய பொம்மை ரெயில் என்ஜின். பளபளவென்று பச்சை வர்ணம். விலையோ அதிகம். அதை வாங்கி வந்தவர் என்ன செய்கிறார் தெரியுமா? தூரிகையை எடுத்து, கரியும் துருவும் படிந்ததுபோல அதன்மேல் அழுக்கு வர்ணம் பூசுகிறார்!

இங்கிலாந்தில் இது ஒரு பொழுதுபோக்கு. பெரியவர்களே மேஜைமீது சின்னஞ்சிறு தண்டவாளம் போட்டு, நிலையம், பாலம், சுரங்கப்பாதை எல்லாம் கட்டி ரெயில் விடுகிறார்கள். அசலில் 1 அடி என்றால் பொம்மையில் 4 மில்லி மீட்டர்.

"இது 1959-ம் ஆண்டு" என்று முடிவு செய்துவிட்டால், அந்த ஆண்டில் இல்லாத எதுவும் மேஜையில் இருக்கக்கூடாது. நம் வீட்டுக் கொலுவில் ராமருக்குப் பக்கத்தில் மோட்டார் கார் நின்றால் யாரும் கேட்பதில்லை. இவர்கள் கேட்பார்கள்!

இரண்டும் ஓடிய காலம்

நீராவி என்ஜின் போய் டீசல் என்ஜின் வந்த காலத்தைத்தான் பலர் விரும்புகிறார்கள். நீராவியைக் கைவிடும் திட்டத்தை பிரிட்டிஷ் ரெயில்வே 1955-ம் ஆண்டில் வெளியிட்டது. அதன் கடைசி நீராவி என்ஜின் 1960 மார்ச்சில் பிறந்தது. பெயர் "ஈவினிங் ஸ்டார்". ஐந்தே ஆண்டுகளில் அதற்கும் ஓய்வு! 1968 ஆகஸ்டு 11-ந் தேதி, முக்கிய பாதையில் கடைசி நீராவிப் பயணிகள் ரெயிலும் ஓடி முடிந்தது.

இந்த 13 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு முகம். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1956 ஜூன் 3-ந் தேதி இரண்டாம் வகுப்பு என்று மாறியது. (அதுவரை முதல் வகுப்பு உண்டு, மூன்றாம் வகுப்பு உண்டு, இரண்டாம் வகுப்பு பெரும்பாலும் கிடையாது! வேடிக்கைதான்.) ஆகவே 1959-ம் ஆண்டு நிலையத்தில் மூன்றாம் வகுப்புக் கட்டண விளம்பரம் ஒட்டினால் தவறு. "மினி" கார் 1959 ஆகஸ்டில் வந்தது. 1958-ம் ஆண்டு நிலைய வாசலில் அது நிற்க முடியாது.

புதியதை மட்டும் வைத்தாலும் தவறுதான். என்ஜினில் இருந்த சிங்கச் சின்னம் 1956-ல் மாறியது. ஆனால் மறுபடி வர்ணம் பூசும்வரை பழைய சிங்கமும் ஓடிக்கொண்டுதானே இருந்தது?

கண் ஏமாற்றும்

புகழ்பெற்ற "பிளையிங் ஸ்காட்ஸ்மேன்" என்ஜினைப் பாருங்கள். 1959 ஜனவரியில் அதற்கு இரட்டைப் புகைபோக்கி வைத்தார்கள். என்ஜின் நன்றாக இழுத்தது. ஆனால் புகை மேலே போகாமல் தாழ்ந்து வந்து டிரைவரின் கண்ணை மறைத்தது. அதனால் 1961 டிசம்பரில் முன்பக்கம் இரண்டு தகடுகள் பொருத்தினார்கள். காற்று புகையை மேலே தூக்கியது. 1963 ஜனவரியில் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தகட்டோடு வேலை பார்த்தது சுமார் 13 மாதம்தான்!

2016-ல் பழுது பார்த்து மீண்டும் ஓடவிட்டபோது, இந்தத் தகட்டுக் கோலத்தில்தான் விட்டார்கள். அதை நேரில் பார்த்து அப்படியே செய்து 1959-ம் ஆண்டு மேஜையில் வைத்தால்? தவறு!

ஏன் அழுக்கு?

கடைசி ஆண்டுகளில் என்ஜின் துடைக்க ஆள் கிடைக்கவில்லை. உடைக்கப் போகிற என்ஜினை யார் துடைப்பார்கள்? கரி அப்பிக் கிடந்தன. பல என்ஜின்களின் பெயர்ப் பலகையையும் கழற்றிவிட்டார்கள். பக்கத்திலேயே புது டீசல் பளபளத்தது.

1968-ல் பத்து வயதுப் பையனாக அதைப் பார்த்தவர் இன்று தாத்தா. பேரன் அதை இந்த மேஜையில்தான் பார்க்க முடியும். அழுக்கில்லாமல் வைத்தால், நீராவிக் காலம் அத்தனை அழகு என்றே அவன் நம்புவான்.

இவ்வளவு பார்ப்பவர்கள் ஒன்றில் மட்டும் கோட்டை விட்டிருக்கிறார்கள். அளவுப்படி தண்டவாளத்தின் அகலம் 18.83 மில்லி மீட்டர் இருக்கவேண்டும். கடையில் விற்பது 16.5! அந்தக் காலத்து மோட்டார் பெரிது. சிறிய பிரிட்டிஷ் என்ஜினுக்குள் அடங்கவில்லை. என்ஜினைச் சற்றுப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சிலர் சரியான அகலத்தில் தாங்களே கையால் தண்டவாளம் போடுகிறார்கள். மற்றவர்கள் அதைக் கண்டும் காணாததுபோல ரெயிலை விடுகிறார்கள்!