முகம் பார்த்துப் படம் எடுப்போம்!



குழு ஆரம்பித்த நாளிலிருந்து நாம் எத்தனை போட்டோ கொடுத்திருப்போம்! வங்கியில் கணக்கு தொடங்க, கடன் விண்ணப்பத்தில் ஒட்ட, காப்பீட்டுக்கு, முதியோர் உதவித்தொகைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாஸ்போர்ட் சைஸ். ஆனால் "உங்க முகம் நல்லா விழுந்த ஒரு படம் வீட்டில இருக்கா?" என்று கேட்டால், நம்மில் பாதிப் பேர் யோசிப்போம். வயதான உறுப்பினர்களைக் கேட்டால், "எனக்கு எதுக்கும்மா போட்டோ, பேரப்புள்ளைய எடு" என்று நகர்ந்து விடுவார்கள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த காலமும் உண்டு.

இதன் விளைவு என்ன? ஒரு வீட்டில் பெரியம்மாவோ பாட்டியோ தவறிப் போனால், மாலை போட ஒரு படம் தேடுகிறார்கள். கிடைப்பது வாக்காளர் அட்டையில் இருக்கிற கறுத்துப் போன சின்னப் படம். இல்லையென்றால் கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகம். அதை வெட்டி, பெரிசாக்கி, வேறு ஒரு புடவையில் ஒட்டித் தருகிறார்கள். "இது எங்க அம்மா மாதிரியே இல்லையே" என்று பிள்ளைகள் வாய்க்குள் சொல்லிக் கொள்கிறார்கள். அறுபது எழுபது வருஷம் உழைத்த முகத்துக்கு ஒரு நல்ல படம் இல்லாமல் போகலாமா?

இனி அப்படி ஆக வேண்டாம். ஸ்டூடியோ தேவையில்லை, விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. வீட்டில் இருக்கிற செல்போனே போதும். எப்படி எடுப்பது என்று இந்த இதழில் தெரிந்து கொள்வோம்.

நம்ம ஊரும் செல்போனும்

செல்போன் நமக்குப் புதுசு இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா போன் தயாரானது. 2019 முதல் இதே பகுதியில் ஐபோன் தயாராகிறது. வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. உலகம் முழுக்கப் படம் எடுக்கிற போன்களைக் கோர்த்துக் கொடுப்பவர்களில் நம் பகுதிப் பெண்களும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே தங்கி வேலை செய்யும் பெண்களும் நிறைய.

ஆனால் வீட்டில் விசேஷம் என்றால் போன் யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் மகன் கையில், மருமகன் கையில். "எனக்கு அதெல்லாம் வராது" என்று நாம் ஒதுங்கி விடுகிறோம். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-இல் குஜராத்தில் பிறந்தவர். தொடக்க காலத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் பத்திரிகையில் வந்தன. சுதந்திரம் வந்த காலத்தின் பெரிய நிகழ்ச்சிகளைப் படம் எடுத்தவர். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அவர் தூக்கிச் சுமந்த கேமராவோடு பார்த்தால், நம் கையில் இருக்கிற போன் எவ்வளவு சுலபம்!

முதலில் வெளிச்சம்

நல்ல படத்துக்கு முக்கால் பங்கு வெளிச்சம்தான். மின்விளக்கு பரவாத காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களைக் கண்ணாடிக் கூரையும் பெரிய ஜன்னலும் வைத்துக் கட்டினார்கள். நேர் வெயில் உள்ளே வராமல், மெத்தென்ற பகல் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ வேண்டும் என்பதற்காக. அந்த வெளிச்சம் நம் வீட்டு வாசலிலும் திண்ணையிலும் காசில்லாமல் கிடைக்கிறது.

* உச்சி வெயிலில் நிற்க வைக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். கண் கூசும், முகம் சுருங்கும்.
* காலை 9 மணிக்கு முன்னும், மாலை 4 மணிக்குப் பின்னும் நல்ல நேரம். ஷிப்டு முடிந்து மதியம்தான் முடியும் என்றால் நிழலான இடம் போதும்.
* வாசப்படிக்கு ஒரு முழம் உள்ளே நாற்காலி போடுங்கள். முகம் வெளியே பார்க்கட்டும். நீங்கள் வாசலுக்கு வெளியே, வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்று எடுங்கள்.
* வடக்குப் பார்த்த வாசலில் வெயில் வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் பகுதியில் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். அதனால் திசையை விட நிழலைப் பாருங்கள்.
* ஒரு கன்னம் இருட்டாகத் தெரிந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை ஒருவர் விரித்துப் பிடிக்கட்டும். வேட்டியில் பட்ட வெளிச்சம் கன்னத்துக்குத் திரும்பி வரும்.
* நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றால் முகமும் நீலமாகும். பச்சைச் சுவர் பக்கத்தில் நின்றால் பச்சை அடிக்கும். தள்ளி வாருங்கள்.
* போனில் இருக்கிற பிளாஷை அணைத்து விடுங்கள். முகத்தில் எண்ணெய் வடிகிற மாதிரி பளபளப்பு வருவது அதனால்தான்.

எவ்வளவு தூரம்? எவ்வளவு உயரம்?

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனால் மூக்கு பெரிசாகவும் காது சின்னதாகவும் விழும். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிசாகத் தெரியும் என்பதுதான் காரணம். செல்பியில் நம் முகம் நமக்கே பிடிக்காமல் போவதற்கும் இதுதான் காரணம், முகத்தில் குறை ஒன்றும் இல்லை! நாலைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். போனில் இரண்டு மடங்கு என்ற பொத்தான் இருந்தால் அதைத் தொடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த பிறகு சுற்றிலும் வெட்டிக் கொள்ளலாம்.

போன் அவர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். பாட்டி கீழே உட்கார்ந்திருந்தால் நாமும் கீழே உட்கார வேண்டும். மேலேயிருந்து எடுத்தால் ஆள் குறுகித் தெரிவார். திரையில் அவர் கண் இருக்கும் இடத்தை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள், அங்கே தெளிவாகும். எடுக்கும் முன் முந்தானையால் லென்ஸைத் துடையுங்கள். மாவு, எண்ணெய் பட்ட கையோடு போனைத் தொடுகிற நமக்கு இது ரொம்ப முக்கியம். படம் புகை மூட்டமாக வருவதற்குப் பாதிக் காரணம் அழுக்கு லென்ஸ்.

பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தலைக்கு மேல் கரண்ட் கம்பம் முளைத்த மாதிரி, காதுக்குப் பக்கத்தில் துணிக் கொடி தொங்குகிற மாதிரி இருந்தால் கண் அங்கேதான் போகும். இரண்டடி நகர்ந்தால் சரியாகி விடும். சுவரில் ஒட்டி நிற்காமல் மூன்றடி முன்னால் வரச் சொல்லுங்கள்.

நம் நிறம் நம் நிறமாகவே இருக்கட்டும்

"போட்டோவில கொஞ்சம் வெள்ளையா தெரியற மாதிரி எடும்மா." இதைக் கேட்காதவர் நம்மில் யார்? பல போன்களில் முகத்தை அழகாக்கும் வசதி தானாகவே ஓடிக் கொண்டிருக்கிறது. அது நிறத்தை வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழித்து, மச்சத்தையும் துடைத்து விடும். மிஞ்சுவது யாரோ ஒருவர் முகம்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கோடாக் கம்பெனியின் கலர் படம் சரியாக வருகிறதா என்று லேப்களில் பார்ப்பதற்குப் பல வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் அளவாக வைத்திருந்தார்கள். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவள் நிறம் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் இருட்டாக விழுந்தன. பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தும் வேலை நடந்தது என்று, அங்கே வேலை பார்த்தவரே பின்னால் சொல்லியிருக்கிறார். குறை பிலிமில் இருந்தது, முகத்தில் இல்லை.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். அழகாக்கும் வசதியை அணைத்து விடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் போன் ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். அப்போது திரையில் முகத்தைத் தொட்டதும் பக்கத்தில் வரும் சூரியன் அடையாளத்தை மேலே தள்ளுங்கள். முகம் வெளுத்துத் தெரிந்தால் கீழே இறக்குங்கள். கன்னத்தில் இருக்கிற கோடும் கண்ணில் இருக்கிற ஒளியும் தெரிகிற அளவுதான் சரியான அளவு.

பேச்சு கொடுங்க!

"சிரிங்க, சிரிங்க" என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. பல் விழுந்தவர்கள் வாயை இறுக்கி மூடிக் கொள்வார்கள். அதற்குப் பதிலாகப் பேச்சு கொடுங்கள். முதல் கடனில் என்ன வாங்கினீங்க, நாத்து நட்ட காலத்தில் யார் பாட்டு எடுத்துக் கொடுப்பாங்க என்று கேளுங்கள். பேசி முடித்து ஒரு நொடி நிற்பார் பாருங்கள், அப்போது எடுங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் பத்து படம் எடுங்கள். கையை எங்கே வைப்பது என்று தவித்தால், முறமோ பூவோ கொடுங்கள். கண்ணாடி போட்டவராக இருந்தால் முகவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது.

விண்ணப்பத்துக்கு வேண்டிய படம்

பொதுவாக பாஸ்போர்ட் சைஸ் என்பது 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். விண்ணப்பத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் கட்டி, இரண்டடி முன்னால் நிற்க வையுங்கள். முகம் நேராக, கண் திறந்து, முடி நெற்றியை மறைக்காமல் இருக்கட்டும். வெள்ளைப் புடவை வேண்டாம், வேட்டியோடு கலந்து விடும். ஆதாருக்கு மட்டும் நாம் கொண்டு போகிற படம் செல்லாது. மையத்தில் அவர்களே எடுப்பார்கள்.

கேட்டு எடுப்போம், கேட்டு அனுப்புவோம்

1936-இல் அமெரிக்காவில் பஞ்சம் பிழைக்க வந்த கூலித் தாய் ஒருவரை, டொரோதியா லாங்கே என்ற பெண் படம் எடுத்தார். மடியில் குழந்தை, இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகள். படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. 1978-இல்தான் அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. "அந்தப் படத்தால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அவர் வருத்தப்பட்டார்.

நாம் பெயர் கேட்போம், அனுமதி கேட்போம். எடுத்ததை முதலில் அவருக்கே காட்டுவோம். "வேண்டாம்" என்றால் அவர் எதிரிலேயே அழிப்போம். வாட்ஸ்அப்பில் போடும் முன் இன்னொரு முறை கேட்போம். விடுதியில் தங்கியிருக்கும் பெண்களின் படத்தை, அறை எண்ணோ அடையாள அட்டையோ தெரிகிற மாதிரி பகிர வேண்டாம். கம்பெனிக்குள் படம் எடுக்கத் தடை இருந்தால் அதை மீற வேண்டாம். படத்தைத் திருடி யாராவது தொல்லை கொடுத்தால் பயந்து மறைக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181, இணையக் குற்றப் புகாருக்கு 1930. குழுவிலும் சொல்லுங்கள், கூட்டமைப்பு கூட நிற்கும்.

படம் பேப்பரில் வரட்டும்

போன் தொலையும், உடையும், தண்ணீரில் விழும். அதோடு படமும் போகும். நல்ல படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து பிரிண்ட் போடுங்கள். கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். பிரிண்டின் பின்னால் பெயர், ஊர், தேதி எழுதி வையுங்கள். பேரப் பிள்ளைகள் படிப்பார்கள்.

சகோதரிகளே! அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். குழுவிலேயே வயதில் மூத்தவர் முதலில் உட்காரட்டும். ஊக்குநர் எடுக்கட்டும், பிரதிநிதி வேட்டி பிடிக்கட்டும், பிறகு இடம் மாறிக் கொள்ளுங்கள். எடுப்பவரும் ஒரு படத்தில் வர வேண்டும், அதை மறந்து விடாதீர்கள். பிரிண்ட் செலவுக்குத் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதி, ஆளுக்கு ஒரு படம் கையில் கொடுங்கள். கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுங்கள், இப்போதே, பொட்டும் பூவுமாக அவர் பார்த்து மகிழ்கிற காலத்திலேயே!