நகல் அருகில் இருந்தால் வலைத்தளம் விரையுமா?

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ஒரு நாள் மாலை, திருநின்றவூரில் எங்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். "சார், என் தங்கச்சி பெரியபாளையம் பக்கத்திலேருந்து நம்ம காலேஜ் விண்ணப்பத்தைத் திறக்கப் பார்க்கிறா. செல்போன்ல சுத்திக்கிட்டே இருக்குது, வரவே மாட்டேங்குது. நாளைக்குத்தான் கடைசி நாள்" என்றாள். தங்கை மறுநாள் காலை பஸ் ஏறி வந்து தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆனால் வலைத்தளத்தைப் பராமரிப்பவரை விசாரித்தபோது, "சி.டி.என். போட்டால் பறக்கும் சார், ஆண்டுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும்" என்றார். முதல்வர் அந்தக் கேள்வியை என்னிடம் தள்ளிவிட்டார். தூரம், வேகம், நேரம் மூன்றும் வந்துவிட்டால் அது இயற்பியல் ஆசிரியனின் தலையில்தானே விடியும்!

சி.டி.என். என்பதை 'உள்ளடக்க விநியோக வலையமைப்பு' எனலாம். பெயர்தான் நீளமே தவிர, கருத்து நமக்குப் பழகியதே. 1969-இல் 'இந்து' நாளிதழ் சென்னையில் தயாரான பக்கங்களின் உருவத்தைத் தொலைத்தொடர்பு வழியே கோவைக்கு அனுப்பி, அங்கேயே அச்சிடத் தொடங்கியது. அதாவது, ஒவ்வொரு பிரதியையும் சென்னையிலிருந்து சுமந்து செல்வதற்குப் பதிலாக, ஒரே ஒரு நகலை அனுப்பிவிட்டு, வாசகருக்கு அருகிலேயே பிரதி எடுத்தார்கள். வலைத்தளத்துக்கும் இதையே செய்கிறார்கள். மூலக் கணிப்பொறி அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கட்டும். அதன் படங்கள், எழுத்துகள் ஆகியவற்றின் நகலைச் சென்னை, மும்பை போன்ற நகரங்களில் வைத்துவிட்டால், கேட்பவருக்கு அங்கிருந்தே கொடுக்கலாம் அல்லவா?

இந்த முறையை வணிக அளவில் வளர்த்தவர்களுள் முன்னோடி, 1998-இல் தோன்றிய அகாமாய் நிறுவனம். எம்.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியராக இருந்த டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லூவினும் அதை நிறுவினர். எந்த நகலை எந்தக் கணிப்பொறியில் வைப்பது, அவற்றுள் ஒன்று பழுதானால் மற்றவற்றைக் கலைக்காமல் எப்படிச் சமாளிப்பது என்பதற்கு அவர்கள் கண்ட கணித வழி இன்றும் பயன்படுகிறது. லூவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானம் ஒன்றில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 31.

இனி நம் கேள்விக்கு வருவோம். வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்கிறது. ஆனால் கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. ஆகவே இழைக்குள் அதன் வேகம் வினாடிக்கு 2 லட்சம் கி.மீ. அளவே; அதாவது மில்லி வினாடிக்கு 200 கி.மீ. நம் சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பகுதி ஏறக்குறைய 14,000 கி.மீ. போய்வர 28,000 கி.மீ. எனில், 140 மில்லி வினாடி ஆகும். எவ்வளவு பணம் கொட்டினாலும் கண்ணாடி இழையில் இதைக் குறைக்க இயலாது. கடலடிக் கம்பி நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதாலும், வழியில் பல சந்திப்புகள் இருப்பதாலும் நடைமுறையில் 240 மில்லி வினாடி ஆகிறது எனக் கொள்வோம்.

கால் வினாடிதானே, இதற்கா இத்தனை பேச்சு என்று வாசகர் கேட்கலாம். ஒரு முறை போய்வந்தால் வேலை முடிவதில்லை என்பதுதான் சங்கதி. முதலில் இரு கணிப்பொறிகளும் 'இருக்கிறாயா?', 'இருக்கிறேன்' என்று பேசிக்கொள்ள ஒரு சுற்று. பிறர் படிக்காதபடி மறைகுறியை ஒப்புக்கொள்ள இன்னொரு சுற்று (2018-க்கு முந்தைய முறையில் இரண்டு). அதன் பிறகுதான் 'படத்தைக் கொடு' என்ற கோரிக்கையே செல்கிறது. அனுப்பும் கணிப்பொறியும் எடுத்த எடுப்பில் முழுவதையும் கொட்டிவிடாது. பாதை தாங்குமா என்று அறிய, முதலில் பத்துப் பொட்டலங்கள், ஏறத்தாழ 14 கிலோபைட் அனுப்பும். அவை சேர்ந்தன என்று பதில் வந்ததும் 28, பிறகு 56 என இரட்டிக்கும். ஆகவே 100 கிலோபைட் அளவுள்ள ஒரு படத்துக்கு மூன்று சுற்று வேண்டும். முன்னே சொன்ன இரண்டையும் சேர்த்தால் ஐந்து. அமெரிக்காவிலிருந்து வந்தால் 5 × 240 = 1,200 மில்லி வினாடி. நகல் சென்னையில் இருந்து, ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி ஆகுமானால், மொத்தம் 50.

இதே படத்தை வினாடிக்கு 100 மெகாபிட் கொள்ளளவுள்ள இணைப்பில் ஊற்றுவதற்கு மட்டும் ஆகும் நேரம் 8 மில்லி வினாடி! 'வேகமான' இணைப்பு என்று விளம்பரத்தில் சொல்வது குழாயின் அகலத்தையே; நீளத்தை அல்ல. அகலமான குழாய் வாங்கியும் பக்கம் தாமதமாகத் திறப்பது ஏன் என்று அலுத்துக்கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, எல்லா உள்ளடக்கத்துக்கும் நகல் எடுக்க முடியுமா? முடியாது. பிளஸ் டூ தேர்வு முடிவை எடுத்துக்கொள்வோம். 2025-இல் ஏறத்தாழ 8 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். பதிவெண்ணுக்கு ஏற்ப விடை மாறுகிறது. கேட்ட பிறகே கணிப்பொறி தேடித் தருகிறது. இங்கே நகல் பயன்படாது; எனினும் விநியோக வலையமைப்பு ஓரளவு உதவும். அறிமுகச் சுற்றும் மறைகுறிச் சுற்றும் அருகிலுள்ள கணிப்பொறியோடு முடிந்துவிடும். அது மூலக் கணிப்பொறியோடு ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் இணைப்பில் கோரிக்கை மட்டும் நெடுந்தூரம் செல்லும். மூன்று நெடுஞ்சுற்றுகளுக்கு ஆகும் 720 மில்லி வினாடி, இவ்வாறு 270 அளவுக்கு இறங்கிவிடும்.

கூட்டத்தைத் தாங்குவது இதன் மற்றொரு பயன். சொல்லப்போனால் இதுவே பெரிய பயன் என்பது என் எண்ணம். 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தனர். ஓரிடத்துக் கணிப்பொறியிலிருந்து அத்தனை பேருக்கும் படம் அனுப்புவது நினைத்தும் பார்க்க இயலாதது. எல்லாருடைய வலைத்தளமும் ஒரே வலையமைப்பை நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற வலையமைப்பு பழுதானபோது, பிரிட்டிஷ் அரசின் வலைத்தளம் உட்பட உலகெங்கும் பல தளங்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முடங்கின.

நகல் தானாக வந்து உட்கார்ந்திருப்பதும் இல்லை. முதலில் கேட்பவருக்கு அது மூலத்திலிருந்துதான் வர வேண்டும், அடுத்தவருக்குத்தான் இலாபம். நாளைக்கு நாலு பேர் பார்க்கும் தளமானால், அடுத்தவர் வருவதற்குள் இடத்தை வேறு நகல் பிடித்துக்கொள்ளும். வரைபடத்தில் அருகில் இருப்பது வலையில் அருகில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அம்பத்தூரில் பெரிய தரவு மையங்கள் உள்ளன. திருநின்றவூரிலிருந்து மின்ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் நம் இணைப்பு நிறுவனமும் நகல் வைத்திருக்கும் நிறுவனமும் சென்னையில் கைகோக்காவிட்டால், நம் கோரிக்கை மும்பைக்குப் போய்த்தான் திரும்பும். இத்தகைய சுற்றுவழிகளைக் குறைக்கவே 2003-இல் நிக்ஸி என்ற இணையச் சந்திப்பு அமைப்பு தோன்றியது. சென்னையிலும் அதற்குச் சந்திப்பு உண்டு.

எங்கள் கல்லூரித் தளத்துக்கு என்ன ஆயிற்று? அதன் மூலக் கணிப்பொறி மும்பையில் இருந்தது. போய்வர 25 மில்லி வினாடி. ஐந்து சுற்றுக்கு 125. சென்னையில் நகல் வைத்தால் 50 ஆகும். மிச்சம் 75 மில்லி வினாடி. கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. பிறகு எதற்கு அந்தப் பெண்ணின் செல்போன் சுற்றிக்கொண்டே இருந்தது? முகப்பில் ஆண்டு விழாப் புகைப்படம் ஒன்றைக் காமிராவில் எடுத்தபடியே ஏற்றியிருந்தார்கள், 6 மெகாபைட். அவள் ஊரில் அலை வலு குன்றி, வினாடிக்கு அரை மெகாபிட் கிடைத்திருந்தால்கூட அதற்கு மட்டும் 96 வினாடி ஆகும். நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நெரிசல் கோபுரத்துக்கும் அவள் கைக்கும் இடையே இருக்கையில், நகலைச் சென்னையில் வைத்தால் என்ன, கோபுரத்தின் அடியிலேயே வைத்தால்தான் என்ன?

படத்தை 200 கிலோபைட்டாகச் சுருக்கினோம். அதே கணக்கில் 3.2 வினாடி. விண்ணப்பப் படிவத்தைப் படமே இல்லாத தனிப் பக்கமாக்கினோம். தொகை எதுவும் கட்டவில்லை.

வாசகர் தாமே சோதிக்க விரும்பினால், கணிப்பொறியில் 'பிங்' என்ற கட்டளையோடு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். போய்வரும் நேரம் மில்லி வினாடியில் தெரியும். அதை 100-ஆல் பெருக்கினால் கிடைப்பது, அந்தக் கணிப்பொறி இருக்கக்கூடிய உச்ச தூரம், கி.மீ.யில். ஆனால் தளம் விநியோக வலையமைப்பில் இருந்தால், பதில் சொல்வது மூலம் அன்று, அருகிலுள்ள நகல்தான் என்பதை நினைவில் கொள்க. நான் முதலில் இதை மறந்து, கலிபோர்னியாவை ஆவடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டேன்.