வீட்டுக்கு வரும் ஆசிரியரும் வீட்டிலிருக்கும் ஆசிரியரும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே கற்பிப்பது என்பது, சென்னையிலும் பெங்களூரிலும் வசதி படைத்த சில குடும்பங்கள் நிதானமாக ஆலோசித்து, ஒரு கல்விக் கொள்கையாகவே விரும்பி ஏற்றுக்கொள்ளும் காரியம். வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரை நீண்டு கிடக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையிலோ அதை அப்படி விரும்பி ஏற்பவர் மிகச் சிலரே. மூளை முடக்குவாதத்தால் கழுத்து நிற்காத குழந்தையை இடுப்பில் சுமந்து மணல் தெருவைக் கடந்து பேருந்து ஏறுவது ஒவ்வொரு நாளும் இயலாமற் போகிறது. வகுப்பறையின் இரைச்சலைத் தாங்கமாட்டாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஆட்டிசச் சிறுவனைப் பற்றி வாரந்தோறும் புகார் வருகிறது. வலிப்பு எப்போது வருமோ என்ற பயம் தாயை விடுவதில்லை. இப்படி ஒவ்வொரு காரணமாகச் சேர்ந்து, ஒரு நாள் எவரும் தீர்மானிக்காமலே வீடு பள்ளியாகிவிடுகிறது. விடியுமுன்பே உப்பளத்துக்குப் புறப்பட வேண்டிய தாயும், கடலுக்குப் போய்விட்ட தகப்பனும், மிச்சமிருக்கும் பாட்டியுமே அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள்.

இந்த நிர்ப்பந்தத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறியார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகளும் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளும் இல்லத்திலிருந்தபடியே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற ஷரத்து அதில் சேர்ந்தது. பின்னர் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான எந்தக் குழந்தையும் அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்று உறுதி கூறிற்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாவது ஒன்றே: வீட்டில் கற்பதா, பள்ளியில் கற்பதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை குழந்தையினுடையது, பள்ளியினுடையது அன்று. முதல் ஷரத்து வந்தபோதே மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தைச் சேர்ந்தோர் பலர் அதை ஆட்சேபித்தார்கள். சிரமமான பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்ப விரும்பும் தலைமையாசிரியருக்கு இது நல்ல சாக்காகிவிடும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆகவே வீட்டில் கற்பிக்கத் துணியும் பெற்றோர் முதலில் செய்யவேண்டியது, பிள்ளையின் பெயரை அருகிலுள்ள அரசுப் பள்ளியின் பதிவேட்டில் ஏற்றிவிடுவது. பாடநூலும் சீருடையும் உதவித்தொகையும் வீடு தேடி வரும் ஆசிரியரும் அந்தப் பதிவேட்டின் வழியாகவே வருவார்கள். ஆண்டுவிழாவுக்கும் விளையாட்டுநாளுக்கும் பிள்ளை பள்ளிக்குப் போவதற்கு ஓர் அதிகாரமும் அதனால் உண்டாகும்.

வீடு தேடி வருபவர் யார்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், மாவட்டத்தின் பன்னிரண்டு ஒன்றியங்களிலும் வட்டார வள மையங்கள் இயங்குகின்றன. அவற்றைச் சேர்ந்த சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் இல்லங்களுக்கு முறைவைத்துச் செல்கிறார்கள். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோ பல ஊர்களில் சிதறிக் கிடப்பவர்கள். புன்னைக்காயலில் ஒரு வீட்டில் அமர்ந்துவிட்டு ஆலந்தலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அரைநாள் கழிந்துவிடும். ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் வாரத்தில் ஒரு மணி என்று வைத்துக்கொண்டாலும் அது தாராளமான கணக்குத்தான். இதைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதே விஷயம். ஆசிரியர் வந்ததும் பிள்ளையை அவர் முன் உட்காரவைத்துவிட்டு, ‘இந்த நேரத்திலாவது உலை வைத்துவிடலாம்’ என்று தாய் அடுக்களைக்குள் போய்விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. களைத்துப்போன பெண்ணுக்கு அது இயல்பே; ஆயினும், அந்த ஒரு மணியில் கற்கவேண்டிய மாணவி உண்மையில் அவள்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் போர்ட்டேஜ் என்னும் சிற்றூரில் 1969-இல் தொடங்கிய ஒரு திட்டம், கிராமப்புறத்தில் பரவிக் கிடந்த குழந்தைகளை ஓரிடத்தில் கூட்ட வழியில்லாத காரணத்தினாலேயே பிறந்தது. ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். பெற்றோருக்கு ஒரு சிறிய காரியத்தைச் செய்து காட்டி, அவர்களையும் தம் முன்னாலேயே செய்யச் சொல்லி, அடுத்த வாரம் வரையில் அதையே பழக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். இம்முறை பல தேசங்களுக்குப் பரவிற்று. நம் நாட்டில் இதே மனப்பாங்கோடு எழுந்த ஸ்தாபனங்களுள் சென்னையில் 1989-இல் தோன்றிய மதுரம் நாராயணன் மையம் முக்கியமானது. அங்கே குழந்தையை விட்டுவிட்டுப் போவதென்பது இல்லை. தாய் கூடவே இருந்து கற்றாக வேண்டும். அவர்கள் வகுத்த ‘உபநயன்’ என்னும் ஆரம்பப் பயிற்சித் திட்டம், உடலியக்கம், தன்னுதவி, மொழி, அறிவு, பிறரோடு பழகல் என்னும் துறைகளாக வளர்ச்சியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் மிகச் சிறிய படிகளாக்கி, எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்பதைத் தாயே குறித்துக்கொள்ளும்படி அமைந்தது.

படி என்று சொன்னேன். அதற்கு ஒரு சட்டைப் பொத்தானை உதாரணமாகக் கொள்ளலாம். ‘பொத்தான் போடு’ என்பது நமக்கு ஒரே காரியம். அறிவுத்திறன் வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைக்கோ அது ஐந்தாறு காரியம். சட்டையின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும், துளையைக் கண்ணால் தேடவேண்டும், பொத்தானைச் சாய்த்து அதில் நுழைக்கவேண்டும், மறுபுறம் எட்டிப் பார்க்கும் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றவேண்டும், பின்பு இழுக்கவேண்டும். அநுபவமுள்ள சிறப்பாசிரியர் இதை முதலிலிருந்து கற்பிக்கமாட்டார், கடைசியிலிருந்து கற்பிப்பார். பொத்தானை முக்கால் பங்கு தாமே நுழைத்துவிட்டு, இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுவார். ஒவ்வொரு முறையும் காரியம் முடிந்த திருப்தி பிள்ளைக்குக் கிடைக்கிறது; அது கைவந்த பிறகு விளிம்பைப் பற்றுவது, அதற்கும் பிறகு நுழைப்பது என்று பின்னோக்கி ஒவ்வொரு படியாக விட்டுக் கொடுக்கிறார். பொத்தான் பெரிதாகவும் துளை தளர்வாகவும் உள்ள பழைய சட்டை ஒன்று போதும். சட்டையும் பிள்ளையின் உடம்பில் வேண்டாம். முதலில் மடியில் வைத்துப் பழகுவதே சுலபம். இந்த உபாயத்தைத் தாய் ஒருமுறை கண்ணால் பார்த்துக் கையால் செய்துவிட்டாளானால், சோறு பிசைந்து உண்பதற்கும் குவளையில் தண்ணீர் மொள்வதற்கும் செருப்பு மாட்டுவதற்கும் அவளே அதைப் பிரயோகித்துக்கொள்வாள். பார்க்காதவளுக்கோ எவ்வளவு விலையுள்ள கற்பித்தல் பொருள்களை வாங்கிக் கொடுத்தாலும் அவை பரணில்தான் கிடக்கும்.

சாதனங்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. டேவிட் வெர்னர் என்பவர் மெக்ஸிக்கோவின் மலைக்கிராமங்களில் பெற்ற அநுபவத்தைக் கொண்டு 1987-இல் வெளியிட்ட பெருநூல் ஒன்று, உட்காரமாட்டாத குழந்தைக்கு வேண்டிய மூலை நாற்காலி முதலியவற்றைக் கிராமத்துத் தச்சரைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்று படம் போட்டுக் காட்டிற்று. படகு கட்டும் தச்சர்கள் பரம்பரையாக வாழும் இக்கடற்கரையில், அளவு சொல்ல ஓர் இயன்முறை மருத்துவர் இருந்தால், நாற்காலிக்குப் பஞ்சமிருக்க நியாயமில்லை. குழந்தையின் அளவு பாராமல் எங்கிருந்தோ வந்திறங்கும் நாற்காலியைவிட அது எவ்வளவோ மேல்.

முத்துக்குளிப்பு இக்கரையில் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். மூச்சடக்கி அடியாழத்துக்கு இறங்குகிறவனுடைய கயிற்றை மேலே தோணியிலிருந்து பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாகவே இருப்பான் என்றும், தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்ற நினைவு அவன் கையைத் தளரவிடாது என்றும் இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டில் பிள்ளைக்குக் கற்பிக்கும் தாய்க்கும் அப்படிக் கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும்; வழக்கமாக அவளுக்குக் கிடைப்பது கரையில் நின்று யோசனை சொல்லும் ஆட்கள்.

அப்படிக் கயிறு பிடிப்பதையே ஒரு சாஸ்திரமாக வளர்த்திருக்கும் இடம் அதிக தூரத்தில் இல்லை. திருநெல்வேலி வழியாகத் தென்காசி போய், அங்கிருந்து சிறிது தொலைவு சென்றால் ஆய்க்குடி. 1975-இல் பொறியியல் மாணவராயிருந்த எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வில் நடந்த உடற்பயிற்சியின்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கமற்றுப்போனார். 1981-ஆம் ஆண்டை உலகம் ஊனமுற்றோர் ஆண்டாக அநுசரித்தபோது, தம் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரே சங்கத்தின் பெயரில் விளங்குகிறது. தசைச்சிதைவு நோயுடன் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992-இல் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நமக்கு வேண்டியது அந்தச் சங்கத்தின் பெருமையைவிட அதன் முறை. ஆரம்பப் பயிற்சி தேவைப்படும் குழந்தைகளின் வீடுகளுக்கு, சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த பெண்களையே சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்கி அனுப்புகிறார்கள். அவர்கள் கையில் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்னும் கைப்பேசிச் செயலி ஒன்று இருக்கிறது. குழந்தையின் நிலையையும் அந்த வாரத்துக் குறிக்கோளையும் அதில் பதிவு செய்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வியாளரும் அதைப் பார்த்து வழி சொல்கிறார்கள். நிபுணர் ஒவ்வொரு வாசலுக்கும் நடக்க இயலாத இடத்தில், ஊர்க்காரி ஒருத்தியின் கண் வழியாக நிபுணர் பார்க்கிறார். குறிக்கோளும் பெற்றோரைக் கலந்தே வகுக்கப்படுகிறது. ‘பிள்ளை நடக்க வேண்டும்’ என்று ஆசைப்படும் தாயோடு பேசி, ‘இந்த மாதம் சுவரில் சாய்ந்து தானாக உட்கார வேண்டும்’ என்ற இடத்துக்கு அவளைக் கொண்டுவருவது சாமான்யக் காரியமா? பொய் நம்பிக்கை தருபவர்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. அளவான நம்பிக்கை தருபவரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

செவிப்புலனோ பார்வையோ அற்ற பிள்ளைகளின் விஷயம் வேறு. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆஸ்குவித் அம்மையார் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் பள்ளிகளைத் தோற்றுவித்துவிட்டார்கள். காதுகேளாத குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்கமாட்டேன். சைகை மொழி என்பது தன்னைப்போன்ற பிள்ளைகளின் கூட்டத்திலே விளைவது. வீட்டார் எவ்வளவு அன்பாயிருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு ஈடாகமாட்டார்கள்.

இனிக் காகிதக் காரியங்கள். சலிப்பூட்டுபவையானாலும் தவிர்க்க முடியாதவை. குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகவேண்டும். சான்றும் தேசிய அடையாள அட்டையும் பெற்றால்தான் மற்றக் கதவுகள் திறக்கும். அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கும் கடும் பாதிப்பு உடையோருக்கும் மாநில அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணமில்லை. விண்ணப்பம் எங்கேயாவது தேங்கிவிட்டால், கோரம்பள்ளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அங்கே போகலாகாது.

படிப்பில் முன்னேறும் பிள்ளைகளுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு நிகரான படிப்புகளையும், பிறகு பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அவரவர் வேகத்துக்கேற்ப எழுத விடுகிறது. மாநிலத் தேர்வுகளிலும் சொல்வதை எழுதுபவர் ஒருவரும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம். எல்லாப் பிள்ளைகளும் தேர்வை நோக்கியே ஓடவேண்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஓடக்கூடிய பிள்ளையைச் சான்றிதழ் இல்லாமல் நிறுத்திவைப்பதும் அநியாயம்.

இத்துறையில் நம் நாட்டின் பெரிய ஸ்தாபனங்களைக் கட்டியவர்களில் பலர் பெற்றோர்களே என்பது தற்செயல் அன்று. பம்பாயில் 1972-இல் ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கிய மிது அலூரும், சென்னையில் 1985-இல் இன்று வித்யாசாகர் என வழங்கும் நிறுவனத்தைத் தொடங்கிய பூனம் நடராஜனும், மூளை முடக்குவாதமுள்ள தம் பிள்ளைகளுக்கு இடம் தேடிய தாய்மார்கள். எல்லோரும் ஸ்தாபனம் தொடங்கவேண்டியதில்லை. தருவைகுளத்திலோ மணப்பாட்டிலோ இப்படிப்பட்ட பிள்ளைகளையுடைய மூன்று வீட்டார் வாரம் ஒருநாள் ஒரு திண்ணையில் கூடினால், சிறப்பாசிரியருக்கும் மூன்று வாசல் அலைச்சல் மிச்சம், பிள்ளைகளுக்கும் வயதொத்த துணை உண்டு.

இத்தகைய கூட்டங்களில் தகப்பன்மார்களைக் காணமுடிவதில்லை. வட்டார வள மையத்தார் வேலைநாட்களில் வருகிறார்கள். மீனவனுக்கு வேலைநாள் என்றால் கடல். இக்கரையின் கிறிஸ்தவ மீனவர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும் கோடையும் அதுவே. அதாவது, பெண்கள் பாத்தியில் வெயிலில் நிற்கும் அந்த மாதங்களில் விசைப்படகுத் தொழிலாளர் துறைமுகத்தருகே வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் பயிற்சி முகாம்களை அந்த 61 நாட்களிலும், மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்த பிற்பகலிலும் கடற்கரை ஊர்களிலேயே வைத்துக்கொள்ள மாவட்டக் கல்வி அதிகாரிகள் உத்தரவிடலாம். சிறப்பாசிரியருக்கு அதற்கு ஈடான ஒரு வேலைநாள் விடுப்புக் கொடுத்தால் போதும். புதிதாகப் பணம் எதுவும் ஒதுக்க வேண்டியிராது.